வீட்டுப் படத்தில் திசையையும் குறியுங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் வீட்டுத்திட்டங்களுக்குப் படம் வரையும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும், அப்படங்களுக்கு அனுமதி வழங்கும் உள்ளூராட்சி மன்ற அலுவலர்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

ஒரே வீட்டில் ஓர் அறை வெந்துகொண்டிருக்க, அடுத்த அறையில் நிம்மதியாகப் படுக்க முடிகிறது என்பது, வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையில் கல்வீட்டில் வாழும் எவருக்கும் தெரிந்ததே. மேற்கிலிருந்து சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும் காலம் அப்படித்தான் என்று சொல்லி இதைத் தள்ளிவிடுகிறோம். ஆனால் கச்சான் எல்லா அறைகளுக்கும் பொதுவானது. அறைக்கு அறை சூடு வேறுபடுவது, அந்த அறை எந்தத் திசையில் இருக்கிறது, அதன் மேல் என்ன கூரை போட்டிருக்கிறது, காற்று நுழைந்து வெளியேற வழி உண்டா என்பவற்றால்தான். இம்மூன்றும் அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே உங்கள் படத்தில் தீர்மானமாகிவிடுகின்றன.

மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தளவிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்தும், மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்தும் செல்கிறது. ஆகவே நண்பகல் வெயிலின் பெரும்பகுதியைக் கூரையே தாங்குகிறது. வடக்கு, தெற்குச் சுவர்களை அகலமான தாழ்வாரம் பெருமளவு காப்பாற்றிவிடும். மேற்குச் சுவருக்கு அந்தக் காப்பு இல்லை. பிற்பகலில் வெயில் தாழ்ந்து, தாழ்வாரத்துக்குக் கீழாக வந்து சுவரில் நேராக அடிக்கிறது. கிழக்குச் சுவரும் காலையில் அதேயளவு வெயிலை வாங்குகிறது என்றாலும், அது இரவில் குளிர்ந்திருந்த சுவர். வாங்கிய சூடு ஆறுவதற்குப் பகலின் மிச்சமெல்லாம் அதற்கு இருக்கிறது. மேற்குச் சுவரோ ஏற்கெனவே சூடேறிய காற்றில் நின்றுகொண்டே வெயிலை வாங்குகிறது. சீமெந்துக் கல் அந்தச் சூட்டைச் சில மணி நேரம் பிடித்துவைத்து, ஆட்கள் படுக்கப்போகும் நேரத்தில் உள்ளே விடுகிறது. இரவு எட்டு மணிக்கு மேற்கு அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு கிழக்கு அறைச் சுவரில் வையுங்கள். பிள்ளைகள் பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போவதன் காரணம் கையிலேயே தெரியும்.

இதில் என்னை மிகவும் வருத்துவது, ஒரே படத்தை எல்லாக் காணிகளுக்கும் பயன்படுத்தும் வழக்கமாகும். எங்கள் கரையோர வீதிகளில் பல, கடலை ஒட்டி ஏறத்தாழ வடக்குத் தெற்காகச் செல்கின்றன. வீட்டு முகப்பு வீதியைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அதே படத்தைத் திருப்பி வைக்கும்போது, வீதிக்கு ஒரு பக்கத்தில் உள்ளவர்களின் படுக்கையறை கிழக்கே அமைகிறது, எதிர்ப் பக்கத்தில் உள்ளவர்களுடையது மேற்கே அமைகிறது. செலவு ஒன்று, பரப்பளவு ஒன்று. தூக்கம் மட்டும் ஒன்றல்ல. ஒவ்வொரு வீட்டுத்திட்டத்துக்கும் இரண்டு படங்களாவது இருந்தால் இது தீரும். மேற்கில் வரவேண்டியவை விறாந்தை, குளியலறை, களஞ்சிய அறை ஆகியவையே. குசினியை அங்கே தள்ளுவது எளிதாகத் தோன்றலாம். ஆனால் கச்சான் வீசும்போது விறகுப் புகை முழுவதும் வீட்டுக்குள் வந்துவிடும்.

கூரையைப் பொறுத்தவரை, சீலிங் இல்லாத சீற்றுக் கூரையின் கீழ் வெப்பமானியில் காணும் அளவை விடவும் உடம்பு அதிகமாக வேகிறது. சூடேறிய சீற்று, காற்றைச் சூடாக்குவதோடு நில்லாமல், நேராகவே கீழிருப்பவர்மேல் வெப்பத்தைக் கதிர்க்கிறது என்பதே காரணம். மாரி மழையில் பாசி படிந்து கறுத்த பழைய சீற்று இன்னும் கூடுதலாக வெயிலை உறிஞ்சுகிறது. கைமரத்துக்குக் கீழே, சீற்றிலிருந்து இடைவெளி விட்டு, பளபளப்பான அலுமினியத் தாள் அடித்தால் இந்தக் கதிர்வீச்சின் பெரும்பகுதி தடுக்கப்படும். சீலிங் அடிப்பதானால், முகட்டுச் சுவர்கள் இரண்டிலும் காற்றுத் துளைகள் வேண்டும். இல்லாவிட்டால் சூடான காற்று மேலேயே அடைபட்டு நிற்கும்.

ஒரே சுவரில் இரண்டு யன்னல்கள் வைப்பதால் மட்டும் காற்று நன்றாக வருவதில்லை. கிழக்கிலிருந்து கடற்காற்று வந்தாலும், வெளியேற எதிரே வழியில்லாத அறைக்குள் அது சரியாக நுழையாது. அதோடு, நுளம்புக்கும் கள்ளருக்கும் பயந்து பொழுது பட்டதும் யன்னல்களைச் சாத்திவிடுகிறோம். சுவர் சூட்டை வெளிவிடும் நேரமும் அதுதான். இரவிலும் திறந்திருக்கக்கூடிய, நுளம்பு வலை பொருத்திய மேல்துளைகளைப் படத்திலேயே காட்டுங்கள். பின்னர் சுவரை உடைத்துத் துளை போடும் வசதி பயனாளிகள் பலருக்கு இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இது: அனுமதிக்கு வரும் ஒவ்வொரு படத்திலும், அந்தக் காணியில் வீடு நிற்கப்போகும் நிலைப்படி வடதிசை குறிக்கப்பட வேண்டும், எந்தப் படுக்கையறையின் சுவராவது நிழலின்றி மேற்கு வெயிலை வாங்குமானால் அந்தப் படத்தைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஏற்கெனவே கட்டி முடிந்த வீடுகளில் மேற்குச் சுவருக்கு வெளியே விறாந்தை போன்ற ஒரு சாய்ப்பு இறக்குவதற்கு, எல்லை இடைவெளி விதிகளுக்கு உட்பட்டு, இலகுவான அனுமதி முறையொன்றை ஏற்படுத்தித் தாருங்கள்.

இப்படிக்கு,
எழுவான்கரை வீட்டுத்திட்டமொன்றில் வசிக்கும் ஒருவர்