தோத்த கோபத்துல கோச்சைத் தூக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ரங்கூன் தாமுவேல இருந்து எழுதறேன். இங்க நாங்க உங்க பேப்பரை ஃபோன்லதான் படிக்கறோம், அதுவும் கரண்ட் இருக்கற நேரமா பாத்து. விளையாட்டுப் பக்கத்துல மான்செஸ்டர் யுனைடெட் கோச்சை வச்சுக்கலாமா தூக்கலாமான்னு நிறைய வருது, டீக்கடையில ஒருத்தர் சத்தமா படிப்பாரு மத்தவங்க சுத்தி உக்காந்து கேப்போம், ஆனா அதே கேள்வி எங்க பர்மா ஃபுட்பால் டீமுக்கும் பல வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு, அதைப் பத்தி தமிழ்ல யாரும் எழுதற மாதிரி தெரியல, அதான் நானே எழுதறேன். இங்க டீம் ஒரு பெரிய மேட்ச் தோத்தா போதும், அன்னைக்கு ராத்திரியே பர்மாக்காரங்க தமிழாளுங்க சீனாக்காரங்க எல்லாரும் ஒரே குரல்ல சொல்றது கோச்சை அனுப்புங்கடான்னுதான். ஃபெடரேஷனும் பல தடவை அதையேதான் பண்ணிருக்கு. இது தப்புன்னு சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தமிழ்நாட்டுல இருக்கற சின்னப் பசங்களுக்கு பர்மா ஃபுட்பால்னா என்னன்னே தெரியாது, அவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். 1966 பாங்காக் ஏசியன் கேம்ஸ்ல ஈரானை ஃபைனல்ல 1-0ன்னு ஜெயிச்சு தங்கம் வாங்குன டீம் இது. 1970ல மறுபடியும் பாங்காக், மறுபடியும் தங்கம், கொரியாவோட பங்கு போட்டது, அந்த வருஷம் செமி ஃபைனல்ல நாம ஜெயிச்சது யாரைன்னு நினைக்கறீங்க, இந்தியாவைத்தான். 1968 ஏசியன் கப்ல ரெண்டாவது இடம். 1965ல இருந்து 1973 வரைக்கும் தென்கிழக்கு ஆசியப் போட்டியில தொடர்ந்து அஞ்சு தங்கம். 1972 ம்யூனிக் ஒலிம்பிக்ஸ்ல சோவியத் யூனியன்கிட்ட 1-0ன்னுதான் தோத்தாங்க, சூடானை ஜெயிச்சாங்க. அந்தக் காலத்து ப்ளேயர் சுக் பகதூர் பேரைச் சொன்னா இன்னைக்கும் எங்க ஊரு பெரியவங்க எழுந்து உக்காருவாங்க. மான்செஸ்டர் சிட்டிக்கு கோல் நின்னு 1956 எஃப்ஏ கப் ஃபைனல்ல கழுத்தெலும்பு உடைஞ்சும் கடைசி வரைக்கும் ஆடுன பெர்ட் ட்ராட்மன், அவரே 70கள்ல இங்க வந்து கோச்சா இருந்தாரு. அந்த 60கள்ல இங்கேருந்து கிளம்பிப் போன தமிழ்க் குடும்பங்க நிறைய பேரு உங்க வியாசர்பாடியிலதான் போய் இறங்குனாங்க, அங்க தெருத்தெருவா பசங்க பந்து ஆடறாங்கன்னு கேள்விப்படும்போது எங்களுக்கு ஒரு சந்தோஷம்.

அப்படிப்பட்ட டீம் இப்ப எங்க நிக்குதுன்னு பாத்தா வயிறு எரியுது. ஆனா எந்தத் தோல்விக்கு வயிறு எரியணும் எதுக்கு எரியக்கூடாதுன்னு நாம யோசிக்கறதே இல்ல, என் சண்டை அதுலதான்.

2013 டிசம்பரை எடுத்துக்குங்க. சீ கேம்ஸ், அதாவது நான் மேல சொன்ன தென்கிழக்கு ஆசியப் போட்டி, நம்ம நாட்டுலயே நடந்துச்சு, ஃபுட்பால் தங்கம் நமக்குத்தான்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. கம்போடியாவையும் கிழக்கு திமோரையும் ஜெயிச்சு தாய்லாந்துகூட 1-1 டிரா பண்ணியாச்சு. கடைசி குரூப் மேட்ச் ரங்கூன் துவுண்ணா ஸ்டேடியத்துல இந்தோனேசியாகூட. நாங்க உக்காந்திருந்த டீக்கடையில ஒரு அண்ணன் வெத்தலைப் பொட்டலம் மடிச்ச காகிதத்தைப் பிரிச்சு அதுல கோல் கணக்கு எழுதிக்கிட்டே இருந்தாரு, ஒரு கோல்ல தோத்தாலும் நம்ம கோல் வித்தியாசம் பெருசு, பயப்படாதீங்கன்னு எல்லாருக்கும் தைரியம் சொல்லிக்கிட்டே இருந்தாரு. 0-1 தோத்தோம். ரெண்டு டீமுக்கும் 7 பாயிண்ட். அப்புறம்தான் டிவியில சொன்னாங்க, சம பாயிண்ட்னா முதல்ல பாக்கறது கோல் வித்தியாசம் இல்ல, நேருக்கு நேரா யார் ஜெயிச்சாங்கறதுதான்னு. நாம வெளியே, இந்தோனேசியா உள்ளே. அந்த அண்ணன் காகிதத்தை மடிச்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம எழுந்து போயிட்டாரு. ஸ்டேடியம் பக்கம் நாற்காலியெல்லாம் பிடுங்கி எறிஞ்சாங்க, சீ கேம்ஸ் போர்டுகளைக் கொளுத்தினாங்க, நாட்டுக்கே அசிங்கம். கோச் பார்க் சுங் ஹ்வா, கொரியாவோட 2008 ஒலிம்பிக் டீமுக்கு கோச்சா இருந்த மனுஷன், அவரையும் அனுப்பிட்டாங்க.

இதுல ஒரு விஷயம் கேக்கறேன். நாலு மேட்ச்ல ஒண்ணுதான் தோத்தோம். தாய்லாந்துகிட்ட தோக்கல. ரூல் தெரியாம ஆடினாங்களா, தெரிஞ்சும் பதட்டத்துல சொதப்புனாங்களா, முன்னாடி நிக்கற பசங்களுக்கு பால் ஏன் போகல, இதையெல்லாம் உக்காந்து பேசுனோமா? இல்ல. வலி தாங்கல, யாரையாவது அடிக்கணும், கிட்ட இருந்தவரை அடிச்சோம். 2011லயும் இதே துவுண்ணாவுல ஓமன் மேட்ச்ல கல்லும் பாட்டிலும் எறிஞ்சு மேட்ச்சே பாதியில நின்னுபோய், கடைசியில அடுத்த வேர்ல்டு கப் குவாலிஃபையருக்கு சொந்த ஊர்ல ஆட முடியாம பாங்காக்ல போய் ஆட வேண்டியதாப் போச்சு. கோபத்துல பண்ற காரியத்துக்கு பில்லு நமக்குத்தான் வரும்.

நான் தோல்வியை ரெண்டா பிரிக்கறேன். 2021ல ஜப்பான்கிட்ட 0-10. பாக்கவே முடியல, ஆனா அதுல கோச் மேல என்ன தப்பு சொல்றது, நாட்டு நிலைமை அப்படி, லீக்கே நின்னு போச்சு, சில ப்ளேயர்ஸ் டீமுக்கு வர மாட்டேன்னுட்டாங்க, எதிர்ல ஆடறது ஜப்பான். அந்த ஸ்கோர் பத்து வருஷம் ஆனாலும் மனசுல நிக்கும், ஆனா அது கோச்சைப் பத்தி எதுவும் சொல்லல. இன்னொரு பக்கம் 2019ல மங்கோலியாகிட்ட 0-1. ஸ்கோர் சின்னது, ஆனா அதுதான் சேதி சொல்ற தோல்வி, ஏன்னா நம்மளவிடக் கீழ இருந்த டீமை எப்படி உடைக்கறதுன்னு நம்மகிட்ட ஒரு வழியும் இல்ல, தொண்ணூறு நிமிஷமும் தூக்கித் தூக்கி அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் அப்ப கோச்சா இருந்த ராடுலோவிச் போயி அந்தோன் ஹே திரும்பி வந்தாரு, முந்தின வருஷம் 2018ல இருந்தவரேதான், போனவரைத் திரும்பக் கூட்டிட்டு வரதுக்கு முதல்லயே ஏன் விட்டோம்னு ஒருத்தரும் கேக்கல.

அவ்ராமோவிச் கதை இன்னும் மோசம். ராடோய்கோ அவ்ராமோவிச் 2003ல சிங்கப்பூர் டீமை எடுத்து 2012 வரைக்கும் இருந்தாரு, தென்கிழக்கு ஆசிய நாடுங்க ஆடற ஆசியான் கப்பை மூணு தடவை வாங்கிக் குடுத்தாரு. நடுவுல 2010ல குரூப்லயே வெளிய வந்துட்டாங்க, சிங்கப்பூர்லயும் ரசிகர்கள் திட்டத்தான் செஞ்சிருப்பாங்க, ஆனாலும் வச்சுக்கிட்டாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு மூணாவது கப் வந்துச்சு. அதே மனுஷன் நம்மகிட்ட வந்தாரு, ரெண்டு வருஷம் கூட முழுசா நிக்கல, 2015ல குவைத்கிட்ட 0-9 வாங்குனோம், அவர் கதை முடிஞ்சுது. ஒரே ஆளு, அங்க ஒன்பது வருஷம், இங்க இவ்வளவுதான். நாத்தைப் பிடுங்கி நட்டு வேர் பிடிக்கறதுக்குள்ள மறுபடி பிடுங்கினா எந்த வயல்ல என்ன விளையும்?

வேர் பிடிக்க விட்டது ஒரே ஒரு தடவைதான் எனக்குத் தெரிஞ்சு, அதோட பலனையும் பாத்தோம். ஜெர்மனிக்காரர் கெர்ட் ஸைசே அண்டர் 19 பசங்களை வச்சு 2014ல ஆசியா செமி ஃபைனல் போயி, 2015 அண்டர் 20 வேர்ல்டு கப்புக்கு நியூசிலாந்து கூட்டிட்டுப் போனாரு. மியான்மார் டீம் ஒரு வேர்ல்டு கப்ல ஆடுறது, நினைச்சுப் பாருங்க. அமெரிக்காகூட நாம 1-0 முன்னாடி இருந்தோம், அப்புறம் 1-2. உக்ரைன்கிட்ட 0-6. நியூசிலாந்துகிட்ட 1-5. மூணு மேட்ச் மூணு தோல்வி, 13 கோல் வாங்கியாச்சு, வேற நேரமா இருந்தா ஏர்போர்ட்லயே வேலையை முடிச்சிருப்பாங்க. ஆனா அந்தத் தடவை ஊரு பசங்களைக் கொண்டாடுச்சு, அவரையும் விட்டு வச்சாங்க, சீனியர் டீமும் அவர் கைக்கு வந்துச்சு, ஆங் து மாதிரி பசங்க அவரோடயே மேல ஏறினாங்க. 2016 ஆசியான் கப்ல கம்போடியாவை 3-1, மலேசியாவை 1-0 ஜெயிச்சு செமி ஃபைனல். செமில தாய்லாந்துகிட்ட இங்க 0-2, அங்க 0-4. அன்னைக்கும் அழுதோம், ஆனா பசங்க என்ன பண்ண ட்ரை பண்றாங்கன்னு தெரிஞ்சுது, யார் எங்க ஓடுவான் பால் எப்படிப் போகும்னு டீக்கடையில இருக்கறவனுக்கே தெரிஞ்சுது. தோல்வியிலயும் அது தெரியுதான்னுதான் நான் பாப்பேன்.

என் அக்கா பையன் அமெரிக்காவுல படிக்கறான், அங்க ஃபுட்பால்னா வேற, கையில தூக்கிட்டு ஓடறது, ஆனா காலேஜ் டீமுக்கு அவங்க ஊரே கூடுது, சண்டையும் நம்ம சண்டையேதான். நெப்ராஸ்கா யுனிவர்சிட்டிக்கு போ பெலினின்னு ஒரு கோச், ஏழு வருஷம் இருந்தாரு, ஒரு வருஷம்கூட ஒன்பது மேட்ச்சுக்குக் குறையாம ஜெயிச்சாரு. ஆனா பெரிய மேட்ச்ல பலமா அடி வாங்குவாரு, 2012ல விஸ்கான்சின்கிட்ட 31-70ன்னு தோத்தது அந்த ரசிகர்களால மறக்கவே முடியல, 2014ல தூக்கிட்டாங்க. அப்புறம் 2017ல இருந்து 2023 வரைக்கும் தொடர்ந்து ஏழு சீசன், ஜெயிச்சதைவிடத் தோத்ததுதான் ஜாஸ்தி. இன்னொரு பக்கம் அலபாமா, நிக் சேபன் வந்த முதல் வருஷம் 2007ல லூசியானா மன்ரோன்னு ஒரு சின்ன காலேஜ்கிட்ட சொந்த ஸ்டேடியத்துலயே தோத்தாங்க, அவங்க மங்கோலியா அது. ரெண்டு வருஷத்துல சாம்பியன். 2013ல ஆபர்ன்கிட்ட கடைசி செகண்ட்ல இவங்க அடிச்ச கிக் பத்தாமப் போயி அவங்க ஆளு அதைப் பிடிச்சு மைதானம் முழுக்க ஓடி வந்து ஜெயிச்சான், அதைவிட வலிக்கற தோல்வி இருக்குமான்னு தெரியல, அவரை யாரும் தூக்கல, மொத்தம் ஆறு சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்துட்டுதான் அவரா போனாரு.

எந்தக் கோச்சையும் எப்பவும் மாத்தக்கூடாதுன்னு நான் சொல்லல. வியட்நாம் கோச் பார்க் ஹாங் சியோவை அஞ்சு வருஷத்துக்கு மேல வச்சிருந்து 2018 ஆசியான் கப், ரெண்டு சீ கேம்ஸ் தங்கம்னு வாங்குனாங்க, அப்புறம் வந்த ட்ரூசியே ஒத்து வரலன்னதும் 2024ல அனுப்பிட்டாங்க, அது சரிதான். ஆனா அவங்க ஒரு மேட்ச்ல பதறல, டீம் போற பாதையே சரியில்லன்னு பாத்துப் பண்ணுனாங்க. 2018ல துவுண்ணாவுல இதே வியட்நாம்கூட நாம 0-0 டிரா. 2024 டிசம்பர்ல அங்க போயி 0-5. இந்த ஆறு வருஷத்துல நம்ம பக்கம் எத்தனை கோச் வந்து போனாங்கன்னு எண்ணிப் பாத்தா போதும், அந்த அஞ்சு கோல் எங்கேருந்து வந்துச்சுன்னு புரிஞ்சிடும்.

அந்த 2024 டீமுக்கு கோச் நம்ம ஊரு ஆளு மியோ லாயிங் வின், முன்னாடி இதே டீமுக்கு ஸ்ட்ரைக்கரா ஆடுனவரு. 0-5க்கு அப்புறம் எங்க டீக்கடையில அவரையும் போகச் சொல்லிக் கத்துனாங்க, ஒரு பெரியவர் மட்டும் வெளிநாட்டுக்காரன் போனா ஊருக்குப் போயிடுவான், இவன் எங்கடா போவான்னு கேட்டாரு. அவர் இருக்கட்டும், இல்ல வேற யாராவது வரட்டும், எனக்கு அது முக்கியம் இல்ல. யார் வந்தாலும் அண்டர் 19ல இருந்து சீனியர் வரைக்கும் ஒரே ஆட்டமுறை, குறைஞ்சது நாலு வருஷம், நடுவுல ஒரு 0-5 வந்தாலும் கை வைக்க மாட்டோம்னு ஃபெடரேஷன் வெளிப்படையா சொல்லணும். கேள்வி கேக்க வேண்டியது லீக்ல பசங்களுக்கு வருஷத்துல எத்தனை மேட்ச் கிடைக்குது, சம்பளம் ஒழுங்கா போகுதா, பெகுலயும் மோல்மீன்லயும் பசங்க ஆட புல்லு இருக்கற கிரவுண்ட் இருக்கா, இதைத்தான்.

உங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான் ஐயா. அடுத்த தடவை மியான்மார் மேட்ச் நடந்தா ஜெயிச்சாலும் தோத்தாலும் ஸ்கோரையாவது ஒரு மூலையில போடுங்க. வியாசர்பாடியில இருக்கற நம்ம சொந்தக்காரங்களுக்கும் தெரியட்டும்.

இப்படிக்கு,
பர்மா ஃபுட்பால் ரசிகன் ஒருத்தன்,
தாமுவே, ரங்கூன்.