ஓசூர் பட்டறை முதலாளிகளுக்கு ஒரு க்யூசி ஊழியரின் மடல்

அன்புள்ள முதலாளிமார்களுக்கு, வணக்கம்.

ஓசூரில் பவுடர் கோட்டிங் (உலோகப் பொருள்களுக்குப் பொடிப் பூச்சு பூசும்) பட்டறைகளில் க்யூசி, அதாவது தரம் பார்க்கும் வேலை பார்த்து வருகிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நேற்றைய குறை எண்ணிக்கையை வைத்துக்கொண்டு காலையில் ஆட்களைத் திட்டுவதை விட்டுவிடுங்கள்.

முன்பு நான் இருந்த ஒரு பட்டறையில் நேற்று 7, இன்று 12 என்றால் அன்றைக்குப் பெரிய சத்தம். மறுநாள் 6 வந்தால், "பார்த்தீங்களா, சொன்னதும் சரியாயிடுச்சு" என்பார்கள். கொஞ்ச நாளில் பையன்கள் சின்னக் கீறல்களை எழுதாமல் விட ஆரம்பித்தார்கள். தாளில் குறை இறங்கியது. கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்த பெட்டிகள் மட்டும் குறையவில்லை.

அந்த 7, 12, 6 எல்லாம் யார் தப்பும் இல்லை. தினமும் 100 பீஸ் பார்க்கிறோம், 25 நாள் எண்ணிச் சராசரி 9 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 9-இன் வர்க்கமூலம் 3. அதன் மும்மடங்கு 9. சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை 18, கழித்தால் கீழ் எல்லை 0. இதற்குள் ஏறி இறங்குவது எதுவும் மாறாதபோதும் நடக்கும் ஆட்டம்தான். 18-ஐத் தாண்டினால்தான் அன்றைக்கு என்ன நடந்தது என்று தேட வேண்டும். தொலைபேசிக் கருவிகள் செய்த தொழிற்சாலைக்காக 1924-இல் அமெரிக்கரான வால்டர் ஷூவார்ட் ஒரு தாளில் வரைந்து காட்டிய கன்ட்ரோல் சார்ட்டின் வழி இது: சராசரிக்கு ஒரு நடுக்கோடு, மேலும் கீழும் எல்லைக்கோடுகள், ஒவ்வொரு நாள் எண்ணுக்கும் ஒரு புள்ளி.

எண்ணும்போது குறையை எண்ண வேண்டும், பீஸை அல்ல. ஒரு பீஸின் பூச்சில் மூன்று ஊசித்துளை (ஊசி குத்தியது போன்ற சின்ன ஓட்டை) இருந்தால் மூன்று. பீஸ் எண்ணிக்கை தினமும் மாறினால் ஒரு பீஸுக்கு எத்தனை என்று வகுத்துக்கொள்ளுங்கள். எல்லையும் கூடவே மாறும். ஒரு பீஸுக்கு 0.09 சராசரி என்றால், 100 பீஸுக்கு மேல் எல்லை 0.18, 400 பீஸுக்கு 0.135. கஸ்டமர் சொன்ன அளவை மட்டும் இதில் எல்லையாக வரைந்துவிடாதீர்கள். அது அவர் விருப்பம். இது நம் பட்டறை பேசும் பேச்சு.

இப்போது இருக்கும் இடத்தில், ஒரு மழைக்காலத்தில், எட்டு நாள் தொடர்ந்து புள்ளிகள் நடுக்கோட்டுக்கு மேலேயே விழுந்தன: 10, 12, 11, 13, 10, 14, 12, 11. எதுவும் 18-ஐத் தொடவில்லை. பழைய இடமாக இருந்தால் 14 வந்த அன்றைக்கு ஒருவர் திட்டு வாங்கியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் காசைச் சுண்டி எட்டு தடவையும் தலையே விழுந்தால் சந்தேகப்பட மாட்டோமா? தேடினோம். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அந்தக் காற்றை உலர்த்தும் டிரையர் வேலை செய்யவில்லை. அதைச் சரி செய்த பிறகு ஊசித்துளைகள் குறைந்தன.

இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். பொடி அடிக்கும் பூத் பக்கத்துச் சுவரில் ஒரு கிராஃப் தாள், ஒரு பென்சில் போதும். முதல் 25 நாள் எந்த எண் வந்தாலும் யாரையும் ஒன்றும் கேட்காதீர்கள். எழுதுகிற பையனுக்குப் பயமில்லாமல் இருக்க வேண்டும். அப்புறம் எல்லை போடுகிற அன்று நீங்களும் அந்தத் தாள் முன்னால் வந்து நில்லுங்கள்.

இப்படிக்கு,
ஓசூரிலிருந்து ஒரு க்யூசி ஊழியர்