அம்மணிக்கு

அம்மணி,

உன் கட்டுரையை அம்மாவுக்கும் அப்புச்சிக்கும் வாசித்துக் காட்டினேன். பொருளாதாரம் படித்த பிள்ளை எதற்குப் பேப்பர்காரர்களோடு மல்லுக்கட்டுகிறது என்று அப்புச்சி கேட்டார். எட்வர்ட் ஹெர்மனும் அப்படித்தான் என்றேன். அமெரிக்காவில் வார்ட்டன் என்கிற வணிகக் கல்லூரியில் நிதித்துறைப் பேராசிரியராக இருந்தவர். பெரிய கம்பெனிகள் யார் பிடியில் இருக்கின்றன என்று 1981-இல் எழுதியவர், 1988-இல் ‘மேனுஃபாக்சரிங் கன்சென்ட்’ புத்தகத்தில் அதே கேள்வியைப் பத்திரிகைகள் பக்கம் திருப்பினார். முதலாளி யார், விளம்பரம் தருவது யார், சேதி சொல்கிற அதிகாரி யார் என்று வரிசையாகச் சொன்னேன்.

அப்புச்சி பிடித்துக்கொண்டார். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி தேங்கிக் கிடந்த வருஷங்களில் திருப்பூர் ஏற்றுமதி இத்தனை கோடி என்றுதான் தினம் படித்தோம். நம் கிணற்றை எட்டிப் பார்க்க ஒரு நிருபர் வரவில்லை. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும் நஷ்டக் கணக்கு பட்டறைக்காரர்களுடையதாகத்தான் வந்தது. மஞ்சளும் தென்னையும் போன கணக்கை யார் எழுதினார்கள்? நீதான் இப்போது எழுதியிருக்கிறாய். அந்தப் பத்தியை அப்புச்சி மறுபடி வாசிக்கச் சொன்னார்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. வேலையை மட்டும் விட்டுவிடாதே.

1988 புத்தகத்தின் அட்டையில் ஹெர்மன் பெயர்தான் முதலில், ஆனாலும் ஊரெல்லாம் அதைக் கூட எழுதிய நோம் சோம்ஸ்கியின் புத்தகம் என்கிறது என்று எழுதியிருந்தாய். உனக்கும் அப்படி நேரலாம், நேரட்டும். பேருக்காக நீ எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் 1973-இல் அவர்கள் இருவரும் எழுதிய சின்னப் புத்தகத்தைப் பதிப்பகத்தின் தாய்க் கம்பெனியே வெளியே போகவிடாமல் தடுத்தது என்றும் நீதானே எழுதினாய்? அப்போது ஹெர்மனுக்கு வார்ட்டன் சம்பளம் இருந்தது, அம்மணி. எந்தப் பேப்பர் முதலாளியும் கைவைக்க முடியாத சம்பளம். அதனால்தான் அடுத்ததை எழுத முடிந்தது என்று நான் நினைக்கிறேன். காலேஜில் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள். எழுதுவதை ராத்திரி எழுது.

முன்பெல்லாம் பகல் பதினோரு மணிக்குக் கூப்பிட்டால் வகுப்பில் இருப்பாய், எடுக்க மாட்டாய். இப்போது முதல் மணியிலேயே எடுக்கிறாய். அம்மா கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாரியம்மன் நோம்பிக்கு வந்துவிடு. அதற்கு முன்னால், இந்த மாதச் சம்பளம் வந்ததா என்று எனக்கு மட்டும் எழுது. வராவிட்டாலும் எழுது.

அப்பா