வெள்ளிக்கிழமை வானிலைக் கட்டத்தில் கடலுக்கும் நாலு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் வானிலைக் கட்டத்தை நான் தினமும் பார்க்கிறேன். மழை வருமா, கொழும்பில் வெயில் எத்தனை பாகை, சூரியன் எத்தனை மணிக்கு எழும் என்று எல்லாம் இருக்கிறது. கடலைப் பற்றி மட்டும் 'ஓரளவு கொந்தளிப்பாக இருக்கும்' என்ற ஒரு வரியோடு விட்டுவிடுகிறீர்கள். நவம்பர் பிறந்துவிட்டது. இனி ஏப்ரல் வரை வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை என்று எங்கள் சனம் இரண்டு நாள் லீவு கிடைத்தாலே தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவைக்கு ரயிலேறும். அங்கே மணல் கரைக்கு முன்னால் கிடப்பது முருகைக்கல் பார், அதாவது பவளப்பாறைத் திட்டு. பாரில் உடைகிற அலைக்கும் கொழும்பில் பெய்கிற மழைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமைகளிலும் பூரணைப் போயா விடுமுறைக்கு முதல் நாளிலும் கடலுக்கென்று நாலு வரி ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிழக்குக் கரையிலுள்ள பொத்துவிலில் பிறந்தவள். அப்பா உல்லையில் கரைவலை இழுத்தவர். இப்போது வெள்ளவத்தையில் இருந்துகொண்டு சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். மகன் அலைச்சறுக்குக்காரன். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அறுகம்பையில் அம்மம்மா வீட்டில் அலை பார்ப்பான். கார்த்திகை வந்தால் ஹிக்கடுவை. அவன் பலகையோடு இறங்கினால் நான் குடையோடு கரையில் நின்று கடலைப் பார்ப்பேன். அப்படி நின்று நின்று தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

மணல் கரையில் அலை கீழே தரையை உரசி, மெல்ல மெல்லக் களைத்துச் சரிந்து விழும். பாரில் அப்படியில்லை. ஆழக் கடலிலிருந்து வருகிற அலைக்கு முன்னால் திடீரென்று கல் எழும்பி நிற்கிறது. அலையின் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்துக்குத் தண்ணீர் குறைந்ததும் அலை உடையும் என்பது பொதுவான கணக்கு. ஒன்றரை மீற்றர் அலையென்றால் இரண்டு மீற்றர் தண்ணீரில் உடையும். பாரில் அந்த மாற்றம் ஒரே எட்டில் நடந்துவிடுவதால் அலை செங்குத்தாக எழும்பி, சுருண்டு, முழுப் பாரத்தோடும் விழும். அலைச்சறுக்குக்காரர் பாரைத் தேடிப் போவதற்கும் குளிக்கப் போனவர் பாரில் அடிபடுவதற்கும் இதுதான் காரணம்.

உயரத்தை மட்டும் போட்டால் அது பாதிச் செய்திதான். ஒரு அலை முகடு போய் அடுத்தது வர எத்தனை செக்கன் என்பதும் வேண்டும். 8 செக்கனுக்கு ஒன்றாக வரும் ஒன்றரை மீற்றர் அலை பக்கத்துக் காற்று கிளப்பிவிட்டது. சத்தம் போடும், நுரைக்கும், வலு குறைவு. 16 செக்கனுக்கு ஒன்றாக வரும் அதே ஒன்றரை மீற்றர் அலை இரண்டு மடங்கு சக்தியைச் சுமந்து வருகிறது. பாரில் ஏறும்போது இன்னும் உயரும். அது வருவது தெற்கே, தென் அகலாங்கு 40 பாகைக்கும் அப்பால் ஓயாமல் வீசும் புயற்காற்றிலிருந்து. அங்கே கிளம்பிய 16 செக்கன் அலைக் கூட்டம் ஆழக் கடலில் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். 5000, 6000 கிலோமீற்றர் கடந்து எங்கள் கரைக்கு வந்து சேர ஐந்தாறு நாள் பிடிக்கும். அதாவது வார இறுதியில் ஹிக்கடுவையில் விழப்போகும் அலை, உங்கள் வெள்ளிக்கிழமைப் பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரத்தில் பாதி வழிக்கு மேல் வந்துவிட்டது. பின்னேர இடிமழை எந்த ஊரில் பெய்யும் என்று சொல்வதைவிட இதைச் சொல்வது எளிது. தெரிந்த செய்தியைச் சொல்லாமல் விடுகிறோமே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

போன பருவத்தில் ஒரு போயாவன்று நடந்ததைச் சொல்கிறேன். வானம் பளிச்சென்று இருந்தது. தென்னோலைகூட ஆடவில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம். தகப்பன் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, ஒரு கையில் சின்ன மகளையும் மற்றக் கையில் அவளுடைய செருப்பையும் பிடித்திருந்தார். கடல் நன்றாக வற்றி, பாரின் முதுகு வெளியே தெரிந்தது. பத்து நிமிடத்துக்கு மேலாக ஒரு அலைகூடச் சரியாக எழும்பவில்லை. மகளுக்கு மீன் காட்டலாம் என்று அவர் கல்லின்மேல் நடந்து போனார். அந்த நேரம் பார்த்து, வெளியே பலகைகளில் குந்தியிருந்த பெடியன்கள் எல்லோரும் ஒன்றாகக் கடற்பக்கம் திரும்பிப் படுத்து, கையால் வலிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் அப்படித் திரும்பினால் அலைத் தொகுதி ஒன்று வருகிறது என்று அர்த்தம். "தம்பி, வெளியே வாங்கோ" என்று கத்தினேன். முதல் அலை வெளியே உடைந்து நுரையாக வந்தது. அவர் சிரித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது அலை அவரை முழங்காலில் அடித்து விழுத்திக் கல்லின்மேல் இழுத்தது. பிள்ளையை அவர் விடவில்லை. அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. அவருக்கு முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோல் உரிந்து, காயத்துக்குள் வெள்ளை வெள்ளையாக முருகைக்கல் துணுக்குகள். என் தண்ணீர்ப் போத்தலால் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "பேப்பரில் நல்ல காலநிலை என்றுதானே அக்கா போட்டிருந்தது."

பேப்பரில் இருந்தது பிழையில்லை. அது வானத்தைப் பற்றிச் சொன்னது.

அலை எப்போதும் ஒரே சீராக வராது. சின்னச் சின்னதாகப் பத்துப் பதினைந்து நிமிடம் வந்துவிட்டு, பிறகு பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொகுதியாக வரும். செக்கன் கூடின அலையென்றால் இடையில் வரும் அமைதியும் நீளம். ஆட்கள் ஏமாறுவது அந்த அமைதியில்தான். எதிர்வுகூறலில் போடும் அலை உயரமும், வருகிற அலைகளில் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான். இடைக்கிடை அதைப் போல இரண்டு மடங்குக்குக் கிட்ட ஒன்று வரும். ஆகவே இறங்குவதற்கு முன் இருபது நிமிடம் கரையில் நின்று பார்ப்பது நேரத்தை வீணாக்குவது ஆகாது.

அடுத்தது வற்றும் பெருக்கும். எங்கள் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீற்றரைக்கூடத் தொடாது. கொழும்புக்காரர் பலர் அதைக் கவனிக்காமல் விடுவதும் அதனால்தான். காலிமுகத்திடலில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பாரின்மேல் இடுப்பளவு தண்ணீர் இருக்கும் இடத்தில் அரை மீற்றர் குறைந்தால் மிஞ்சுவது எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். பூரணையிலும் அமாவாசையிலும் வற்று மிகவும் தாழ்ந்து போகும். பூரணை என்றால் எங்கள் நாட்டில் போயா விடுமுறை. வருடத்தில் கரைக்குச் சனம் கூடுதலாகப் போகும் நாட்களிலேதான் கல் மேலே வருகிறது. வற்று நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பின்னால் தள்ளிப் போகும் என்பதால் போன கிழமை பார்த்த நேரம் இந்தக் கிழமைக்கு உதவாது. வற்று நேரத்தைப் போடாமல் மற்ற எல்லாவற்றையும் போட்டாலும் எனக்குத் திருப்தியில்லை.

குளிக்கப் போகும் குடும்பங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாரின்மேல் கொட்டிய தண்ணீர் முழுவதும் கடலுக்குத் திரும்பிப் போக வேண்டுமே. அது பாருக்கு இடையிலுள்ள ஆழமான வாயால்தான் போகும். அந்த வாயில் அலை உடையாது. தண்ணீர் கருநீலமாக, வழுவழுப்பாக, சாதுவாகத் தெரியும். பெடியன்கள் மெனக்கெடாமல் வெளியே போக அதைத்தான் பாதையாக எடுப்பார்கள். நீச்சல் தெரியாத எங்கள் ஆட்களும் 'இங்கேதான் அலை இல்லை' என்று அங்கேயே இறங்குகிறார்கள். இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்து கொண்டு, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் விலகி, அலை உடைகிற பக்கமாகத் திரும்பி வர வேண்டும்.

சரி, இந்தப் பருவத்தில் என்ன எதிர்பார்க்கலாம்? நவம்பரில் இன்னும் இடைப்பருவ மழை. காலையில் கடல் ஒழுங்காக இருக்கும், பின்னேரம் இடிமுழக்கம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 செக்கனுக்குள் என்றால் அது 10 கிலோமீற்றருக்குள் நிற்கிறது. அலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கரையேற வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போன பிறகுதான் திரும்பவும் இறங்கலாம். பெருமழை பெய்த மறுநாள் ஆற்று வாய்களுக்குப் பக்கத்தில் கலங்கல் தண்ணீர். அதில் பாரும் தெரியாது, ஊர்க் கழிவும் கலந்திருக்கும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வாடைக்காற்று தென்மேற்குக் கரைக்குத் தரையிலிருந்து கடலுக்கு வீசும். அது அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்திவிடும். அதிகாலையிலிருந்து பத்து மணி வரை மிக அழகான கடல். பிறகு கடற்காற்று எழும்பிக் குழப்பும். தெற்கே அது கோடைகாலம் என்பதால் அலையும் பெரும்பாலும் அளவாகவே வரும். பழகுகிறவர்களுக்கு ஏற்ற மாதங்கள் இவை. மார்ச் பாதிக்குப் பிறகு தெற்குப் புயல்கள் திரும்பவும் பலக்கத் தொடங்கும், நீண்ட செக்கன் அலைகள் அடிக்கடி வரும், இடியும் கூடும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்தால் ஹிக்கடுவைப் பாரை விட்டுவிட வேண்டியதுதான். அப்போது எங்கள் ஊரில் அதே காற்று கச்சான் என்ற மேல்காற்றாகத் தரையைக் கடந்து கடலுக்கு வீசும், அறுகம்பை திறந்துவிடும்.

பாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹிக்கடுவையின் முருகைக்கல் 1979இல் சரணாலயமாக்கப்பட்டு, 2002இல் தேசிய பூங்காவானது. 1998இல் கடல் சூடாகி அங்கே பெரும்பகுதி முருகை வெளுத்துச் செத்தது. மீண்டு வருவதை நாங்கள் காலால் மிதிக்கிறோம். வற்று நேரம் தெரிந்தால் பெற்றோர் பிள்ளைகளைக் கல்லின்மேல் நடக்க விடமாட்டார்கள். கல்லுக்கும் அது நல்லது, காலுக்கும் நல்லது. முருகைக்கல் காயத்துக்குத் தேசிக்காய் பிழிவது பெடியன்களின் வைத்தியம். எரியும், அவ்வளவுதான். சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணுக்கை எடுத்து, ஏற்பு ஊசி போட்டிருக்கிறதா என்று டொக்டரிடம் காட்டுங்கள். விட்டால் சீழ் பிடித்துக் கிழமைக் கணக்கில் ஆறாது.

இதெல்லாம் கைத்தொலைபேசியில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. விண்டி, சேர்ஃப்லைன் என்ற காற்று, அலைச் செயலிகளை மகன் பார்ப்பான். ஆங்கிலத்தில் இருப்பதை அவன் வயதுக்காரர் விளங்கிக்கொள்கிறார்கள். ஆனால் போயாவுக்குச் சோறு கட்டிக்கொண்டு குடும்பத்தைக் கூட்டிப் போகும் தாயும் தகப்பனும் படிப்பது உங்கள் பத்திரிகையை. வளிமண்டலவியல் திணைக்களமும் கடற்பரப்புகளுக்கான அறிவித்தலைத் தமிழிலும் தருகிறது. புத்தளம் தொடக்கம் கொழும்பு, காலி ஊடாக அம்பாந்தோட்டை வரை என்று வரும் அந்தப் பகுதியைத்தான் இடம் போதாமல் நீங்கள் சுருக்கிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது கடற்படையினருக்கும் மீனவருக்கும் என்று எழுதப்பட்டது. குளிக்கப் போகிறவருக்கு அதோடு வற்று நேரத்தையும் அலையின் செக்கனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு மனதில் இருப்பது இவ்வளவுதான்: 'சனி: அலை 1.2 மீற்றர், 14 செக்கன், தென்மேற்கிலிருந்து. காற்று காலையில் கரையிலிருந்து. வற்று காலை இத்தனை மணி. பாரில் நடக்க வேண்டாம்.' ஒரு திருமண விளம்பரத்தின் இடம்கூடத் தேவைப்படாது. 14 செக்கனுக்கு மேல் போனால் எழுத்தைத் தடிப்பாக்குங்கள்.

வியாழக்கிழமை மாலைக்குள் இந்த வரிகளைத் தமிழில் எழுதி உங்கள் அலுவலகத்தில் கொண்டுவந்து தர நான் ஆயத்தம். சம்பளம் வேண்டாம். திணைக்களத்தின் அறிவித்தலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க உங்களில் ஒருவர் இருந்தால் போதும். வரும் போயாவுக்கே தொடங்கலாம்.

இப்படிக்கு,
பொத்துவிலில் பிறந்த வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6