பரீட்சகர் மலையேறி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெப்ரவரி 22ஆம் திகதி வந்தால் சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவலின் நினைவு தினப் படங்கள் உங்கள் பத்திரிகையிலும் வருகின்றன. நான் அந்தப் படங்களில் முதலில் பார்ப்பது பிள்ளைகளின் சட்டையைத்தான். நகரத்துப் பிள்ளையின் கை நிறையச் சின்னங்கள் இருக்கும், தேயிலைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளையின் சட்டையில் அங்கத்துவச் சின்னம் மட்டும் இருக்கும், அதுவும் மூன்று வருடத்துக்கு முன்பு தைத்தது. மஸ்கெலியாப் பக்கத்தில் 16 வருடமாகச் சாரணர் குழு நடத்துகிறேன். இந்த வித்தியாசம் ஏன் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்தப் படிகள் அவ்வளவாகத் தெரியாது. குழுவில் சேரும் பிள்ளை உறுதிமொழி, சாரணர் சட்டம், இடக்கை குலுக்கல், சில முடிச்சுகள் எல்லாம் பழகி அங்கத்துவச் சின்னம் பெறும். அடுத்தது சாரணர் விருது, அப்புறம் மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது, கடைசியில் ஜனாதிபதி சாரணர் விருது. ஒவ்வொரு படிக்கும் பாசறை, நடைப்பயணம், முதலுதவி, சமூக சேவை, திறமைச் சின்னங்கள் என்று வேலை இருக்கிறது, ஒவ்வொன்றையும் தகுதியான ஒருவர் பார்த்துச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாவற்றையும் 18 வயது நிறைவதற்குள் முடிக்க வேண்டும், இடையில் சாதாரண தரமும் உயர்தரமும் வேறு வந்து நிற்கும்.

சிக்கல் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. சோதிப்பவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள்.

என் குழுவில் ஒரு பையன் இருந்தான். இடுப்பில் மாட்டி ஆளை இழுத்தாலும் இறுகாத போலைன் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். அவனுடைய அப்பா விறகும் புல்லும் கட்டுகிறவர், கயிறு அந்த வீட்டுக்குப் புதிதல்ல. சின்னச் சோதனைக்கு நகரத்துக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்கு மழை, பாதையில் மண் சரிந்து பஸ் இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டது, நாங்கள் போய்ச் சேரும்போது சோதனை முடிந்து பரீட்சகர் போய்விட்டார். அடுத்த சோதனை ஆறு மாதம் கழித்து என்றார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் அவனுக்கு 18 வயது ஆகிவிட்டது. இன்றைக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான், ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்க வருவான், அந்தச் சோதனையைப் பற்றி மட்டும் பேச மாட்டான். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

தரத்தைக் குறையுங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். சில இடங்களில் ஒரே பின்னேரத்தில் உட்கார்ந்து பதிவுப் புத்தகத்தில் பத்துச் சின்னத்துக்கு அடையாளம் போட்டு முடிக்கிறார்கள், பிள்ளைக்குக் காயத்துக்கு ஒரு கட்டுப் போடவும் தெரியாது, ஆனால் சான்றிதழ் இருக்கும். பெற்றோரும் அதைத்தான் கேட்கிறார்கள், நேர்முகப் பரீட்சைக்கு உதவும் என்று. அது பிள்ளைக்குச் செய்கிற துரோகம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண்சரிவில் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த மலையகத்தில், முதலுதவிச் சின்னம் அணிந்த பிள்ளைக்கு முதலுதவி உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும். சோதனை கடுமையாக இருக்கட்டும், ஆனால் அது நடக்கிற இடம் எங்கள் பிள்ளைகளுக்கும் எட்டுகிற இடமாக இருக்க வேண்டும்.

இலங்கையில் சாரணியம் தொடங்கியதே மலைநாட்டில்தான். 1912இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் முதல் குழுவை ஆரம்பித்தார். பெண் சாரணியமும் 1917இல் கண்டியில் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேலாகியும் அது தோட்டத்துக்குள் ஏறி வரத் தயங்குகிறது என்றால் வருத்தமாக இருக்கிறது.

செய்யக்கூடியது பெரிய விஷயமில்லை. வருடத்துக்கு இரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமையில், நாலைந்து தோட்டப் பாடசாலைகளுக்கு நடுவில் ஓர் இடத்தில் சோதனை வைக்கலாம். பரீட்சகர்கள் இரண்டு பேர் வேனில் வருவது, 40 பிள்ளைகள் பஸ்ஸில் போவதை விடச் செலவு குறைவு. சாப்பாடு, தங்குமிடம் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள், அதற்கு நான் பொறுப்பு. அப்புறம், எங்கள் பக்கத்திலேயே பழைய சாரணர்கள் ஆசிரியர்களாகவும் தாதியர்களாகவும் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பரீட்சகர்களாக நியமிக்கலாம். வழிகாட்டிக் குறிப்புகள் எல்லாம் நல்ல தமிழில், பிள்ளை தானே வாசித்து விளங்கிக்கொள்ளும்படி பாடசாலைக்கு வந்து சேர வேண்டும். இப்போது நான்தான் இரவில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன்.

பிள்ளைகள் ஏற்கனவே செய்வதையும் கணக்கில் எடுங்கள். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவகாலத்தில் என் பிள்ளைகள் மலையடிவாரத்து நல்லதண்ணியில் நின்று வயதானவர்களுக்குக் கைகொடுத்து, வழி தவறிய குழந்தைகளைத் தாயிடம் சேர்த்து, விடியும்வரை குளிரில் வேலை செய்திருக்கிறார்கள். அதைச் சேவை என்று பதிந்து கையெழுத்து வாங்க நான் மூன்று முறை நகரத்துக்கு அலைந்தேன்.

என் குழுவில் இப்போது இரண்டு பேருக்கு 17 வயது. பிரதம ஆணையாளர் விருதுக்கு ஒருவனுக்கு இரண்டு சின்னம் குறைகிறது, மற்றவனுக்கு ஒன்று. மூத்தவனுக்கு வருகிற ஜூன் மாதம் 18 வயது நிறைகிறது. பொறுப்பில் உள்ளவர்கள் இதை வாசித்தால் அதற்கு முன்பு ஒரு ஞாயிறு ஒதுக்கித் தாருங்கள், பாடசாலை மண்டபத்தைத் திறந்து வைத்துக் காத்திருப்போம்.

இப்படிக்கு,
சாரணர் பொறுப்பாசிரியர் ஒருவர்,
மஸ்கெலியா.