லாக் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சி.இ.டி. (கர்நாடகப் பொறியியல் நுழைவுத் தேர்வு) முடிவு வந்ததிலிருந்து நம் நாளிதழில் கல்லூரி விளம்பரங்கள் முழுப் பக்கமாக வருகின்றன. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளையோடு கல்லூரி வாசலில் வந்து நிற்கும் பெற்றோரை 28 வருடம் உள்ளே இருந்து பார்த்தவன் நான். பெங்களூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். அத்தனை வருடத்தில், அட்மிஷனுக்கு வந்து ஒர்க்‌ஷாப் கதவைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். மற்றவர்கள் ஏ.சி. ஆடிட்டோரியத்தையும் ஹாஸ்டல் மெஸ்ஸையும் பார்த்துவிட்டு, அட்வான்ஸ் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

லேப்பில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு லாக் புத்தகம் உண்டு. யார், எந்தத் தேதியில், எத்தனை மணி வரை, என்ன வேலைக்கு ஓட்டினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஓடுகிற லேப்பில் அந்தப் புத்தகம் அழுக்காக இருக்கும். ஓரத்தில் எண்ணெய்க் கை பட்டிருக்கும். நீல மை, கறுப்பு மை, சில இடத்தில் பென்சில், பல விதக் கையெழுத்து, நடுநடுவே ‘பெல்ட் அறுந்தது’, ‘சக் மாற்றியது’ என்று குறிப்பு. ஓடாத லேப்பில் அது வெள்ளையாகக் கிடக்கும். இல்லையென்றால் மூன்று மாதக் கணக்கும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருக்கும். ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து நிரப்பியது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆய்வுக் குழு வருவதற்கு முன்னால் அப்படி நிரப்பச் சொல்லி எனக்கே உத்தரவு வந்திருக்கிறது. வேலை போய்விடும் என்று பயந்து எழுதிக் கொடுத்தும் இருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

என் சொந்த ஊர் கோலார் தங்கவயல். அண்ணன் சுரங்கத்தில் வேலை பார்த்தார். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய பிறகு, தங்கவயலில் பாதிப் பேர் செய்ததையே அவரும் செய்தார்: விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் வந்து, செக்யூரிட்டி வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புவார். அவர் மகன் 2014-ல் சி.இ.டி. எழுதினான். ஒரு பழைய அரசு கல்லூரியில் சிவில் கிடைத்தது. ஆனால் வீட்டில் எல்லாருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் வாங்கினார்கள். அண்ணியின் தாலிச் செயினைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போனது. பணம் கட்டும் அன்று நானும் கூடப் போனேன். கண்ணாடிக் கட்டிடம், வரவேற்பில் பூங்கொத்து. லேப்பைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்தத் தொழிலிலேயே இருப்பவன் நான், கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது மாதம் அவன் வந்து, “சித்தப்பா, ஒரு கம்ப்யூட்டருக்கு மூணு பேர் உக்கார்றோம். புரோகிராமிங் எடுத்த சார் போயிட்டார், இன்னும் ஆள் போடலை” என்றான். நான் என்ன பதில் சொல்ல?

அதனால் இந்த வருடம் கல்லூரி தேடும் பெற்றோருக்கு நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். கல்லூரி திறந்திருக்கும் ஒரு சாதாரண நாளில், மத்தியானம் இரண்டு மணிக்கு, சொல்லாமல் போய் நில்லுங்கள். லேப் நடக்கிற நேரம் அது. லாக் புத்தகத்தையும், நூலகத்தில் புத்தகம் கொடுத்த ரிஜிஸ்டரையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான். அப்புறம் வாசலில் உள்ள டீக்கடையில் மூன்றாம் வருடப் பையன்கள் நிற்பார்கள். “இந்த செமஸ்டரில் எத்தனை ஆசிரியர் மாறினார்கள்?” என்று மட்டும் கேளுங்கள்.

வீட்டில் உட்கார்ந்தபடி பார்க்கக்கூடியதும் நிறைய இருக்கிறது. போர்டில் பெரிதாகப் போடும் ‘நாக்’ (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) கிரேடு கல்லூரி முழுவதற்கும் கொடுப்பது. உங்கள் பிள்ளை சேரும் பாடப்பிரிவுக்கு, பாடப்பிரிவு வாரியாகக் கொடுக்கும் என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா, அது எந்த வருடம் வரை செல்லும் என்பதைத் தனியாகப் பாருங்கள். ‘அதிகபட்ச பேக்கேஜ்’ என்று பேனரில் இருப்பது ஒரே ஒரு பிள்ளையின் சம்பளம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரிகள், அங்கே கொடுத்த கணக்கைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளத்தில் நடுமதிப்பு (பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே) எவ்வளவு என்று அதில் இருக்கும். பேனரையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆசிரியர் பட்டியலும், பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி இணையதளத்தில் இருக்க வேண்டும். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. 2024-25 முதல், நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். எனவே கம்ப்யூட்டர் சயின்ஸில் எத்தனை செக்‌ஷன் என்று கட்டாயம் கேளுங்கள். இடம் கூடியிருக்கும், லேப் கூடியிருக்கிறதா?

பணம் பற்றி ஒன்று. ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, வழக்கமான இடங்களுக்கு மேலே 5 சதவீதம் இடம் உண்டு. டியூஷன் கட்டணம் கிடையாது. இங்கே அதை எஸ்.என்.கியூ. என்பார்கள். 2014-ல் என் அண்ணனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

சேர்ந்த பிறகு என்ன செய்வது? லாக் புத்தகத்தில் உங்கள் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான். 2009-ல் ஒரு பையன் இருந்தான். மார்க் சுமார்தான். நான்கு மணிக்கு பெல் அடித்து எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடும்போது இவன் ஒர்க்‌ஷாப்புக்கு வருவான். லேத்தில் மரை வெட்டிப் பழக வேண்டும் என்றான். வெட்டிய கம்பியில் நட்டைப் போட்டால் இரண்டு சுற்றுப் போய் மாட்டிக்கொள்ளும். டூலை 60 டிகிரிக்குச் சரியாகத் தீட்டவில்லை என்று நான் உடனே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. துண்டுக் கம்பி பதினொன்று வீணாக்கினான். பன்னிரண்டாவதில் நட்டு விரல் நுனி பட்டதும் கடைசி வரை வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி கழற்றி, பஸ்ஸைத் தவறவிட்டான். லீவில் பெங்களூர் தொழிற்பேட்டையான பீன்யாவில் ஒரு சின்னப் பட்டறையில் போய்க் கேட்டு, சம்பளம் இல்லாமல் ஒரு மாதம் வேலை பார்த்தான். பீன்யாவில் இன்றைக்கும் கேட்டால் சேர்த்துக்கொள்ளும் பட்டறைகள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் கேட்பதில்லை.

என் அண்ணன் மகனும் அப்படித்தான் தப்பித்தான். ஆசிரியர் இல்லாத பாடத்தை என்.பி.டெல். வீடியோவில் படித்தான். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் எடுக்கும் பாடம், பார்க்கக் காசு கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி. (இந்திய அறிவியல் நிறுவனம்) ‘ஓப்பன் டே’ வைத்து எல்லாரையும் உள்ளே விடுகிறது. அங்கே நாள் முழுக்கச் சுற்றி, ஆராய்ச்சி மாணவர்களைக் கேள்வியால் துளைத்துவிட்டு வந்தான். வேலை கிடைத்தது. அடகு நகையை மீட்க ஐந்து வருடம் ஆனது.

ஆசிரியர் அவர்களே, ஒரு வேண்டுகோள். சி.இ.டி. நடத்தும் கே.இ.ஏ.வின் ஆப்ஷன் என்ட்ரி (எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகக் கொடுப்பது) விவரமெல்லாம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது. பிடித்த கல்லூரியை மேலே போட வேண்டும், வேண்டாத கல்லூரியைப் போடவே கூடாது என்பதுகூடப் பலருக்குத் தெரியவில்லை. சீட் வந்த பிறகு இரண்டாவது சாய்ஸ் (இந்த சீட் இருக்கட்டும், அடுத்த சுற்றிலும் பார்க்கிறேன் என்பது) கொடுத்து, அடுத்த சுற்றில் மேலே போட்டிருந்த கல்லூரி கிடைத்தால், முதலில் கிடைத்தது தானாக ரத்தாகிவிடும். ‘ரெண்டும் கையில் இருக்கும்’ என்று நம்பி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். விளம்பரப் பக்கத்துக்கு எதிரே கால் பக்கம் ஒதுக்கி, எஸ்.என்.கியூ. பற்றியும் சேர்த்து இதைத் தமிழில் போடுங்கள். மாரிக்குப்பம் ரயிலில் நம் பேப்பர் ஒன்றை நான்கு பேர் பங்கு போட்டுப் படிக்கிறார்கள். அதில் இரண்டு பேர் வீட்டிலாவது பி.யு.சி. (பிளஸ் டூ) படிக்கும் பிள்ளை இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு