நம்ம சேனல் நின்ற கதை

அன்பு மெய்யம்மைக்கு,

அப்பச்சி எழுதுவது. யூடியூப் வந்ததால்தானே நாம் கேபிளில் நடத்திய லோக்கல் சேனல் படுத்தது என்று போனில் கேட்டாய். ஊரிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். நடந்தது வேறு.

கொடைக்கானல் டவரை நம்பி மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்த ஊர் நம்ம காரைக்குடி. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. ஆரம்பத்தில் நாளுக்குச் சில மணி நேரம்தான் என்றாலும், செக்காலை, முத்துப்பட்டணம், கல்லுக்கட்டி என்று எல்லாப் பக்கமும் கேபிள் கனெக்ஷன் கேட்டார்கள். 1995இல் கேபிள் சட்டம் வந்தபோது பதிவு செய்யச் சொன்ன இடம் தலைமைத் தபால் நிலையம். டிவி நடத்துவதற்குத் தபாலாபீசில் போய் நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான்.

லோக்கல் சேனலுக்குப் பெரிய முதல் தேவைப்படவில்லை. டிஷ்ஷில் வரும் ஒவ்வொரு சேனலுக்கும், வீடுகளுக்குக் கேபிள் கிளம்பும் கண்ட்ரோல் ரூமில் ஒரு மாடுலேட்டர் இருக்கும்; படத்தைக் கேபிளில் ஒரு சேனலாக ஏற்றும் பெட்டி அது. கூட ஒன்று வாங்கி, அதில் கேசட் ஓட்டும் விசிஆரைச் சொருகினால் ஊர் முழுக்க நம் படம் தெரியும். மத்தியானம் பழைய சினிமா, கீழே ஓடும் எழுத்தில் நகைக்கடை, ஜவுளிக்கடை, பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி. வருமானமெல்லாம் அந்த ஓடும் எழுத்தில்தான்.

பெயர் வாங்கிக் கொடுத்தது திருவிழா. கொப்புடையம்மன் தேரன்று கோயில் வாசலிலிருந்து கண்ட்ரோல் ரூம் வரை தனி வயர் இழுத்து நேரடியாகக் காட்டினோம். மறுநாள் கேசட்டைத் திரும்பப் போடச் சொல்லி எத்தனை போன்! அம்மனைப் பார்ப்பதற்கா? கூட்டத்தில் தன் முகம் எங்கே வருகிறது என்று பார்க்கத்தான். சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் விழாவையும், கம்பர் சமாதி உள்ள நாட்டரசன்கோட்டையில் முடியும் நாள் வரை பேச்சுப் பேச்சாகப் பதிவு செய்தோம். அதற்கு விளம்பரம் பிடிப்பது குதிரைக்கொம்பு. ஆனாலும் நான் விடவில்லை, உன் ஆத்தாவுக்கு அதில் என்மேல் கோபம்.

சரி, நின்றதற்கு வருகிறேன். 2011இல் சட்டத்தைத் திருத்தி, கேபிள் முழுக்க டிஜிட்டலாக வேண்டும் என்றார்கள். ஊர் ஊராகக் கட்டம் கட்டமாகக் கெடு வைத்தார்கள், கடைசிக் கெடு 2017 மார்ச். அதற்கப்புறம் சேனல்களை எங்கோ ஓரிடத்தில் மொத்தமாகச் சேர்த்து, செட்டாப் பாக்ஸ் இல்லாமல் தெரியாதபடி பூட்டுப் போட்டு, ஃபைபர் வழியாக அனுப்பினார்கள். செட்டாப் பாக்ஸ் அந்தப் பட்டியலில் இருப்பதை மட்டும்தான் காட்டும். என் மாடுலேட்டரில் போடும் படம் பாக்ஸுக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பட்டியலில் இடம் வேண்டுமென்றால் படத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதற்குப் பணமும் கட்ட வேண்டும். ஓடும் எழுத்து வருமானத்தில் முடிகிற காரியமா?

பார்க்க ஆள் இல்லாமல் மூடவில்லை, மெய்யம்மை. வயர் நம் தெருவில்தான் ஓடியது, அதில் என்ன ஓட வேண்டும் என்று சொல்லும் உரிமை நம்மிடம் இல்லாமல் போனது. யூடியூப் எல்லோர் கைக்கும் வந்து சேர்ந்தபோது இங்கே பாதிக் கதை முடிந்திருந்தது.

கேசட்டுகள் மாடி அறையில் இருக்கின்றன. சிலவற்றில் பூஞ்சை. விசிஆர் ஹெட் துடைக்கத் தெரிந்த ஆள்கூட இங்கே இப்போது கிடைப்பதில்லை. உங்கள் ஊரில் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும் கடை இருந்தால், ஒரு கேசட்டுக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துச் சொல். கம்பன் விழாவை முதலில் மாற்றலாம். தேர் அப்புறம்.

அன்புடன்,
அப்பச்சி